பாட்டி டப்பிங் செய்த ராமாயணம்

எங்க ஊர் பாறசாலை. இஞ்சிவிளையைத் தாண்டினா களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956-ல மாநிலம் பிரிச்சப்போ நாலு தாலுகா அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்னுபோச்சு. அதனால வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். கர்க்கடக மாசம் அடுத்த வீட்டுல எழுத்தச்சன் ராமாயணம் வாசிப்பாங்க, எங்க வீட்டுல பாட்டி அதையே தமிழ்ல கதையாச் சொல்லுவா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2000-களின் தொடக்கத்துல, வளைகுடாவுல இருந்து லீவுக்கு வந்த மாமா ஒரு சிடி கொண்டுவந்தார். 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. ஜப்பான்காரர் யுகோ சாகோ, நம்ம ராம் மோகனோட சேர்ந்து எடுத்த அனிமே படம். 1993 ஜனவரியில டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவுல காட்டினாங்க. எங்களுக்குக் கிடைச்சது ஆங்கிலப் பதிப்பு. ராமனுக்குக் குரல் நிகில் கபூர். பாட்டெல்லாம் சமஸ்கிருதம்.

எனக்கு அப்போ ஒன்பது வயசு. மலையாள மீடியம். ஆங்கிலம் ஒரு எழவும் புரியாது. பாட்டிக்கும் புரியாது. ஆனா கதை தெரியுமே! வெத்தலையை மென்னுக்கிட்டே எல்லாருக்கும் அவளே பேசுவா. ஜடாயு வந்தா, "வயசான பட்சி, ஒரு பெண்ணுக்கு வேண்டி சண்டைக்குப் போவுது பாரு மக்களே"ன்னு கண்ணைத் துடைப்பா. கும்பகர்ணன் உறங்கினா, "எந்திரிலே எருமை, அண்ணன் சாவக் கிடக்கான், உனக்கு உறக்கமா?" நாங்க உருண்டு உருண்டு சிரிப்போம். சிடி கீறல் விழுந்து நின்னாலும் பாட்டி நிக்க மாட்டா.

மூணு வருஷம் போச்சு. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. அந்தத் திமிர்ல ஒருநாள், "பாட்டி, ராமன் அப்படிச் சொல்லல. நீ தப்பாட்டு சொல்லுத"ன்னு சொல்லிட்டேன்.

பாட்டி ஒண்ணும் சொல்லலை. "அப்படியா மக்களே"ன்னா. அதுக்கப்புறம் அந்தப் படம் ஓடினா பேசாம உக்காந்திருப்பா. நானும் பெரிசா எடுத்துக்கலை. அவ போய்ச் சேர்ந்த பிறகுதான் அது உறைக்க ஆரம்பிச்சது.

2025 ஜனவரி 24-ல அந்தப் படத்தை 4கே தரத்துல புதுப்பிச்சு இந்தியத் தியேட்டர்கள்ல விட்டாங்க. ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, கூடவே தமிழ். 2012-ல போன சாகோவும் 2019-ல போன ராம் மோகனும் அதைப் பார்க்கலை. தம்பி போன்ல, "அண்ணே, இப்போ தமிழ்லயே பேசுதான்"னான். "பாட்டி மாதிரி பேசுதானா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

நான் இருக்கிறது மெல்பர்ன்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பதிப்பையே ஆறு வயசு மகளுக்குப் போட்டேன். அவளுக்கு ஆங்கிலம் தண்ணி பட்ட பாடு, விளக்கம் எதுவும் தேவையில்லை. ஆனா கும்பகர்ணன் வந்ததும் என் வாய் தானா, "எந்திரிலே எருமை"ன்னுது.

மகள் திரும்பிப் பார்த்தா. "அப்பா, அவங்க அப்படிச் சொல்லலியே?"

"இல்ல மக்களே. இது பாட்டி சொன்னது"ன்னேன்.

"அப்போ பாட்டி சொன்னதைச் சொல்லுங்க"ன்னு டிவி சத்தத்தைக் குறைச்சுட்டா.