இருபது நிமிசம்

உங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் எந்த நேரமும் தண்ணீர் வருமா? எங்கள் வீட்டில் வராது. நாங்கள் இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கீழே ஒரு தாங்கி, கூரையில் ஒரு தாங்கி. கீழே இருக்கும் தண்ணீரை மோட்டர்தான் மேலே ஏற்றும்.

2024ஆம் ஆண்டு சிசிலியில் கடும் வறட்சி. பலெர்மோவின் பல பகுதிகளில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். அப்போது ஒருநாள் அம்மா வேலைக்குப் போகும்போது, "மோட்டர் போட்டிருக்கிறன். இருபது நிமிசத்தில நிப்பாட்டு, என்ன?" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன். பிறகு படம் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

கீழ்த்தாங்கி வெறுமையானது எனக்குத் தெரியாது. ரப்பர் எரிவது போல மணம் வந்த பிறகுதான் ஓடினேன். பம்புக்குள் ஓடும் தண்ணீர்தான் அதைச் சூடாகாமல் வைத்திருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே கருகிவிடும்.

அம்மா ஏசவில்லை. பேசாமல் காசை எண்ணினார். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். புது பம்ப் வரும்வரை கீழ்வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தேன். மூன்று மாடி!

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இஞ்சயும் மோட்டரைக் கனநேரம் விடேலாது, பிள்ளை. கூட இறைச்சா கிணறு உவராப் போயிடும்."

யாழ்ப்பாணத்தின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கும். அதற்கும் கீழே கடலின் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் இறைத்தால் உப்புத்தண்ணீர் மேலே ஏறிவிடும். இங்கே பம்ப் போகும், அங்கே கிணறே போகும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சீசா அரண்மனை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசர்கள் கட்டியது. அதன் மண்டபத்தில் சுவரிலிருந்து தண்ணீர் வழிந்து, தரையில் உள்ள வாய்க்காலில் ஓடி, வெளியே இருந்த குளத்தில் விழுமாம். வெயில் காலத்தில் மண்டபம் குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் காலத்தில் ஏது மோட்டர்? நிப்பாட்ட மறந்தாலும் ஒன்றும் எரியாது!

இப்போது மோட்டர் போட்டால், அடுப்படி மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு கீழ்ப்படியில் இருப்பேன். அங்கேயே வீட்டுப்பாடமும் செய்வேன். இந்தக் கட்டுரையையும் அங்கே இருந்துதான் எழுதினேன். மணி அடிக்க இன்னும் நாலு நிமிசம் இருக்கு.