சில்லின் கணக்கு

கணிதம் கற்பிப்பவன் வகுப்பிலே கணக்குத் தவறினால் மாணவர் நகைப்பர். வீட்டிலே தவறினால் நகைப்பார் இலர்; நோவாரே உளர். 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமக்கு நேர்ந்த தவறு இரண்டாம் வகையைச் சார்ந்தது. பிறருக்கும் பயன்படலாம் என்று கருதி அதனை இங்கே மறையாது கூறுகின்றோம்.

எம்மிடம் யப்பானிலிருந்து வந்த பழைய ரொயோட்டா அக்குவா கார் ஒன்று உண்டு. பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் வகை அது. கொடிகாமத்திலுள்ள வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள கல்லூரிக்கு, ஆசிரிய நண்பர் மூவரையும் ஏற்றிக்கொண்டு, அதிலேதான் போய் வருவோம். 20 லீற்றர் பெற்றோலுக்கு 440 கிலோமீற்றர் ஓடும் என்பதனைப் பல மாதக் குறிப்பினால் அறிந்திருந்தோம்.

அது கியூஆர் முறை வந்த புதிது. காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றர் 450 ரூபா. வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைத் துளித் துளியாக எண்ணிய காலம். அவ்வேளை பார்த்து எமது காரின் ரயர்கள் தேய்ந்து போயின. புதியன வாங்கக் கையில் வசதி இல்லை. மனைவியின் தம்பியார் தம் வீட்டிற் கிடந்த நான்கு சில்லுகளை றிம்மோடு கொண்டுவந்து தந்தார். “கொஞ்சம் பெரிசு, அத்தான், ஆனால் வடிவாப் பொருந்தும்” என்றார். பொருந்தவே செய்தன. பார்வைக்கும் எடுப்பாக இருந்தன.

அடுத்த 20 லீற்றருக்கு மீற்றர் காட்டியது 400 கிலோமீற்றரே. அதற்கடுத்த முறையும் அவ்வாறே. குறைந்த 40 கிலோமீற்றர் என்றால் ஏறக்குறைய 2 லீற்றர். அது எங்கே போயிற்று? மாலையில் காரை எடுத்துச் சென்று பாட்டியாரை வைத்தியரிடம் காட்டி வருபவன் எமது மூத்த மகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்தவன். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் போதவில்லை என்று அலைந்த நண்பர் பலர் அவனுக்கு இருந்தனர். எமது ஐயம் தனக்கேற்ற விடையைத் தானே தேடிக்கொண்டது.

“தம்பி, பெற்றோலை ஆருக்குக் குடுத்தனி?” என்று கேட்டோம். கொடுத்தாயா என்றாவது கேட்டிருக்கலாம்; யாருக்கு என்று கேட்டது தீர்ப்பு.

“நான் ஒரு துளியும் எடுக்கேல்லை, அப்பா” என்றான். நாம் நம்பவில்லை. மூன்று நாள் அவன் எம்மோடு இருந்து உண்ணவில்லை. மனைவியும் எம்மை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நான்காம் நாட் காலை நாம் கல்லூரிக்குப் புறப்படும்போது அவனும் காரில் ஏறினான். “கண்டி வீதிக் கட்டைகளைப் பாத்துக்கொண்டு போவம், அப்பா” என்றான். வீதியோரத்துக் கிலோமீற்றர்க் கட்டை ஒன்றின் அருகே மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான். அங்கிருந்து இருபதாவது கட்டையை அடைந்தபோது மீற்றர் 20 என்று காட்டவில்லை, 19.3 என்று காட்டியது.

அதன் பின்னரே நாம் ரயரிற் பொறித்த எண்களை வாசித்தோம். பழையது 165/70 ஆர் 14. புதியது 175/65 ஆர் 15. முதலெண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். அடுத்தது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்று வீதமாக. இறுதி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கொண்டு கணித்தால் பழைய சில்லின் முழு விட்டம் ஏறக்குறைய 587 மில்லிமீற்றர். புதியதன் விட்டம் 608. ஒரு கிலோமீற்றர் செல்லப் பழையது 543 முறை சுழல வேண்டும். புதியதற்கு 523 முறை போதும். மீற்றருக்கு வீதியைக் காணக் கண் இல்லை. சுழற்சிகளை எண்ணித் தூரமாக மாற்றுவதே அதன் தொழில். ஆகவே அது 400 என்று காட்டியபோது, கார் உண்மையில் ஓடியது 415 கிலோமீற்றர். வேகமும் அவ்வாறே: முள் 60 என்று காட்டும்போது வண்டி 62இல் ஓடும்.

எஞ்சிய 25 கிலோமீற்றரோ மெய்யான நட்டம். பெரிய றிம் பாரங் கூடியது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அதனைச் சுழற்றக் கூடிய சக்தி வேண்டும். ரயர் உருளுந்தோறும் நசிந்து நிமிர்ந்து சூடாகின்றது. அச்சூடும் பெற்றோலின் செலவே. ஹைபிரிட் கார்களுக்குத் தொழிற்சாலையிற் பூட்டும் ரயர்கள் பெரும்பாலும் இந்நட்டம் குறையுமாறு செய்யப்படுவன. தடை பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை ஹைபிரிட் கார் மின்கலத்துக்கு மீட்டுக்கொள்ளும். ரயரிற் சூடாகப் போனதை எந்த மோட்டாராலும் மீட்க முடியாது. போதாக்குறைக்கு, அந்நான்கு சில்லுகளிலும் காற்றும் குறைவாகவே இருந்தது. அதனை நாம் பார்க்கவும் இல்லை.

அன்று மாலை, “என்ரை பிழை, தம்பி” என்றோம். அவன் சிறிது நேரம் பேசாது நின்றான். பின்னர், “காத்தடிச்சுக்கொண்டு வாறன், திறப்பைத் தாங்கோ” என்று கையை நீட்டினான். அன்றிரவு எம்மோடு இருந்து உண்டான்.

2023ஆம் ஆண்டு புரட்டாதியில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே பழைய அளவு ரயர்களை வாங்கிப் பூட்டிவிட்டோம். சில்லு மாற்ற எண்ணும் அன்பர்கள் சாரதியின் கதவருகே ஒட்டியிருக்கும் தகட்டில் உரிய அளவையும் காற்றழுத்தத்தையும் முதலிற் பார்ப்பார்களாக. வேறு அளவு பூட்ட நேர்ந்தால், வீதிக் கட்டைகளோடு மீற்றரை ஒப்பிட்டுக்கொள்க. வீட்டிலுள்ளோரைக் கணக்குக் கேட்பது அதன் பின்னர் ஆகட்டும். அளவுகோலைச் சோதித்த பின்னரே அளக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக மாணவருக்குக் கூறி வந்தோம். அதனை எமக்குக் கற்பித்தவன் எமது மகன்.