ஆறிய புண்

2014 ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஏழு வயது மகளின் முகம் சற்றே பூரித்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். மெலிந்த பிள்ளை, "கன்னம் வெச்சிடுச்சு" என்று பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் கண்ணிமைகள் திறக்க இயலாதபடி கனத்திருந்தன. இரண்டு நாளாகச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதை அன்றுதான் அவள் சொன்னாள். திட்டுவோம் என்று மறைத்தாளாம்.

குழந்தை மருத்துவர் முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். பிள்ளைகளுக்கும் அதைப் பார்ப்பதுண்டு என்பதே எங்களுக்குப் புதிய செய்தி. இருமுறை அளந்துவிட்டு, "போன ஒன்றரை மாசத்துல தொண்டை வலி, காய்ச்சல்? சிரங்கு, புண்ணு ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்லை" என்றோம். இருவரும் ஒரே நேரத்தில்.

அவர் பாவாடையைச் சற்று உயர்த்திப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மூன்று கருத்த வடுக்கள். நான்கு வாரங்களுக்கு முன் அங்கே தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம். பள்ளியில் யாரும் காணக்கூடாதென்று நீண்ட காலுறை மாட்டி அனுப்பினோம். எனவே மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. சிரங்கு என்ற சொல் படித்தவர் வீட்டுக்குரியதன்று என்பது எங்கள் எண்ணம். அந்த எண்ணம்தான் மருத்துவரிடம் பதில் சொன்னது.

அவர் கடிந்துகொள்ளவில்லை. புண் ஆறிய பிறகே இது வரும் என்றார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் வந்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரங்கள்; தோலில் என்றால் மூன்று முதல் ஆறு. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் தங்கி, அங்கே அழற்சியை மூட்டுகிறது. கிருமி நேராகச் சிறுநீரகத்துக்குப் போவதில்லை. செங்காய்ச்சல் தணிந்தபின் பிள்ளைகளுக்கு வரும் வீக்கத்தைப் பற்றி வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1812இலேயே எழுதியிருப்பதைப் பின்னாளில் படித்தோம். இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த நோய், எங்களுக்குத் தெரியவில்லை. (சிறுநீரகத்துக்குக் குண்டிக்காய் என்று பழைய பெயருண்டு. வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர். எங்களுக்கு அச்சொல் மட்டும் தெரிந்திருந்தது.)

ஒரு வாரம் மருத்துவமனையில். நீர் பிரிய மருந்து, அழுத்தம் குறைய மாத்திரை, உப்பில்லாச் சோறு. அழுத்தம் மேலும் ஏறினால் வலிப்பு வரலாம் என்று சொல்லியிருந்ததால் இரவெல்லாம் அவள் கை கால்களையே பார்த்திருந்தோம். பென்சிலினும் கொடுத்தார்கள், மீதிக் கிருமியை அழிப்பதற்கே அது, சிறுநீரகத்தில் நேர்ந்ததை அது மாற்றாது. குடிக்கும் நீரையும் கழியும் நீரையும் அளந்து எழுதுவது எங்கள் வேலை. ஊறுகாய் கேட்டு அழுதாள். பாட்டி முந்தானையில் ஒரு நார்த்தங்காய்த் துண்டை முடிந்து கொண்டுவந்திருந்தார். பிடித்து வாங்கி வைத்தோம். அவரும் அழுதார்.

ஆறாம் நாள் சிறுநீர் வெளுத்தது. எனினும் இரத்தத்தில் சி3 என்னும் புரதம் குறைந்திருந்தது. எட்டு வாரத்துக்குள் அது இயல்புக்குத் திரும்பவில்லையென்றால் வேறு சிறுநீரக நோயோ என்று தேட வேண்டும் என்றார். பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகத் தேறுகிறார்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாம் வாக்கியம் எங்கள் காதில் விழவேயில்லை. மார்கழியில் பரிசோதித்தபோது சரியாகியிருந்தது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிவப்பணுக்கள் மறைய மேலும் சில மாதங்கள் ஆயின.

பள்ளிக்கு அவளைத் திரும்ப அழைத்துச் சென்ற அன்று, வகுப்பு ஆசிரியையிடம் சிரங்கு இருந்ததைச் சொன்னோம். சொல்வதற்குள் நா இருமுறை புரண்டது. அவர் அந்த வரிசைப் பிள்ளைகளின் காலுறைகளை இறக்கிப் பார்த்தார். இரண்டு பேருக்கு இருந்தது. மாலையில் ஒருத்தியின் தாய் அழைக்க வந்தார். ஆசிரியை கேட்டு முடிக்குமுன், "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், கொசுக்கடி" என்றார். நாங்கள் அவரை வெளியே, வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனோம்.