இடைப்பட்டையின் அகலமும் ஓர் அமானிதமே



துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்போர் பலர், சதுரங்களின் வண்ணத்தில் செலுத்தும் கவனத்தை, அவற்றின் நடுவே ஓடும் இடைப்பட்டையிலும் சுற்றிவரும் ஓரப்பட்டையிலும் செலுத்துவதில்லை. போர்வையின் அளவையும் அழகையும் முடிவு செய்வன இவ்விரு அகலங்களே.

அதியமான்கோட்டையில் பனிக்காலம் தொடங்குமுன், எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனுக்காக நாங்கள் இப்பணியை மேற்கொண்டோம். அவனுடைய மறைந்த தந்தையின் சட்டைகளையும் கைலிகளையும் பாட்டியார் கொண்டுவந்தார். நைந்த பகுதிகளை நீக்கியபின், 9 அங்குலச் சதுரங்கள் 12 மட்டுமே தேறும் எனத் தெரிந்தது.

இறந்தவர் விட்டுச் சென்ற ஆடையும் வாரிசுகளின் சொத்தே. யத்தீம்களின் பொருளில் முறைகேடு செய்வதைக் குறித்து சூரத்துந் நிஸாவின் தொடக்க வசனங்கள் கடுமையாக எச்சரிக்கின்றன. தாயும் பாட்டியும் தத்தம் பங்கைச் சிறுவனுக்கே விட்டுக்கொடுத்தனர். ஆகவே அத்துணி முழுவதும் அவனுடையது. தவறாக வெட்டினால் ஈடுசெய்ய வேறு துணி கிடையாது. கத்தரியை எடுக்குமுன் கணக்கை முடிப்பது எங்கள் மீது கடமையாயிற்று.

அண்டை மாநிலமான கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் கவந்தி எனும் போர்வை தைக்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றி நடுவை அடைவர். அங்கே தனி இடைப்பட்டை இல்லை. கையில் உள்ள துணியே அகலத்தைச் சொல்லிவிடும். எங்களிடமோ துணி குறைவு. வேண்டிய அளவும் முன்னரே தெரியும்: ஏறத்தாழ 40 அங்குல அகலம், 50 அங்குல நீளம்.

குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு எனச் சதுரங்களை அடுக்கினால் 27க்கு 36 அங்குலம் வரும். எஞ்சியதைப் பட்டைகளே நிரப்ப வேண்டும். செய்தித்தாளில் பட்டைகள் வெட்டித் தரையில் பரப்பி, மூன்று வழிகளைப் பார்த்தோம்.

இடைப்பட்டை 1 அங்குலம், ஓரப்பட்டை 6 எனில் 41க்கு 51. ஆனால் கைலியின் கட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி, தந்தையின் துணி நடுவில் ஒடுங்கியது. இடைப்பட்டை 4, ஓரப்பட்டை 2 எனில் 39க்கு 52. அதில் சதுரங்கள் தனித்தனித் தீவுகளாயின. கண்ணில் பட்டதெல்லாம் கடைத்துணியே. இடைப்பட்டை 2, ஓரப்பட்டை நாலரை எனில் 40க்கு 51. ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் தெளிவாக நின்றது. எல்லாம் சேர்ந்து ஒரே போர்வையாகவும் தெரிந்தது. சிறுவனும் அதையே தொட்டுக் காட்டினான்.

சதுரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இடைப்பட்டைக்கு, அரைப் பங்கு ஓரப்பட்டைக்கு என இதனை நினைவில் கொள்ளலாம். இது மாறாத சட்டமன்று; தொடங்குவதற்கு உதவும் அளவு. இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால், 2 அங்குலப் பட்டையை இரண்டரையாகவும் 9 அங்குலச் சதுரத்தை ஒன்பதரையாகவும் வெட்டினோம்.

ஓரப்பட்டையின் நீளத்தை விளிம்பில் அளக்கக் கூடாது. கையாளக் கையாள விளிம்பு இழுபட்டு நீண்டிருக்கும். அதை நம்பி வெட்டினால் ஓரம் அலையலையாய்ச் சுருளும். போர்வையின் நடுவில் அளந்து, எதிரெதிர்ப் பட்டைகளை ஒரே நீளத்தில் வெட்டித் தைத்தால் ஓரம் நேராக நிற்கும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஊசியும் நூலும் சிறுமைக்குரியன அல்ல. உங்கள் இல்லத்திலும் மறைந்த ஒருவரின் ஆடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். முதலில் வாரிசுகளின் இசைவைப் பெறுங்கள். அடுத்துக் காகிதத்தில் அளவைப் பாருங்கள். கத்தரி கடைசியாக வரட்டும்.