நீள வயர்

சீசனுக்கு ஊருக்குப் போனால் முதல் நாள் அருவி, இரண்டாம் நாள் யார் வீட்டிலாவது கம்ப்யூட்டர் ரிப்பேர். பத்து வருடமாக இதுதான் நடக்கிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன், ரிப்பேர் வேறு தொழில் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். தென்காசியில் அது எடுபடாது.

இந்த முறை கூப்பிட்டது மாமா. கல்யாண வீடியோ எடுப்பவர். "மாப்ள, ஹார்டு டிஸ்க்க சொருகுனா டிக்கு டிக்குங்குது. ஒண்ணும் காட்ட மாட்டேங்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். 2010இல் அவருடைய கல்யாணத்தை மாமாதான் எடுத்தாராம். போன மாதம் அவருடைய அப்பா தவறிவிட்டார். கொடுத்த டிவிடியில் அப்பா தாரை வார்க்கும் இடத்தில் மட்டும்தான் வருகிறார், அதிலும் பாதி முதுகு. பெண்ணைப் பெற்றவர் மேடையிலா நிற்பார்? சமையல்கட்டில், பந்தியில், வாசலில் நிற்பார். எடிட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த இடங்கள்தான்.

"வெட்டுனதுல எங்கப்பா இருப்பாங்கல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அந்தக் காலத்து மினிடிவி டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். அதையெல்லாம் யாரும் சேர்த்து வைக்க மாட்டார்கள். அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். மாமா மட்டும் சிலவற்றை வெட்டாமல் 1 டெராபைட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தார். சுமார் 75 மணி நேரம். சாரல் மாதங்களில் பூசணம் பிடிக்காமலிருக்க லென்ஸ்களைப் போட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடும் மரப்பெட்டியில்தான் அந்த டிஸ்க்கும் இருந்தது. வேறு நகல் கிடையாது.

மேஜைக்கு அடியில் இருந்த கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் சொருகினேன். ஓடத் தொடங்கியது, டிக், நின்றது. மறுபடி டிக். ஐந்தாறு தடவை சொருகிப் பிடுங்கிவிட்டுச் சொன்னேன்: "ஹெட் போச்சு மாமா. சென்னைல லேப்ல குடுக்கணும். ஆயிரக்கணக்குல கேப்பான். அப்பவும் வரும்னு சொல்ல முடியாது." அந்தப் பெண் முன்னாலேயே சொன்னேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மாமா குனிந்து டிஸ்க்கின் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொருகுனதும் பளிச்சுனு எரிஞ்சு மங்குது பாரு. மண்டபத்துல நீள வயரு இழுத்தா போகஸ் லைட்டு இப்படித்தான் மங்கும். கரண்டு பத்தலியோ?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இன்ஜினியரிங்கில் முதல் வருடம் படித்த பாடம். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது யூஎஸ்பி 2.0, கணக்குப்படி 500 மில்லிஆம்ப்தான் தரும். தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கும். முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து மெல்லிய வயர் போகிறது; போதாக்குறைக்கு மாமா ஒன்றரை மீட்டர் கேபிள் வேறு போட்டிருந்தார். வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிட, ஹெட் பாதியில் திரும்பிவிடுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் நான் சாவுச் சத்தம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சாண் கேபிளைப் போட்டு, மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும் பின்பக்க போர்ட்டில் சொருகினோம். சீராகச் சுற்றியது. திரையில் ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்.

"குடுத்துரவா?" மாமாவின் விரல் மவுஸில் இருந்தது.

கையைப் பிடித்துவிட்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். டிஸ்க் காலி என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் படிக்க முடியவில்லை என்கிறது. பட்டியல் முன்பே சிதைந்திருந்ததா, நான் சொருகிப் பிடுங்கியதில் சிதைந்ததா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க்கை அப்படியே உள்ளே இருந்த பெரிய டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டேன். எளிதாக வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும் நிரல் அது. பழைய போர்ட்டின் வேகத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றுக் காலம், கரண்டு எப்போது போகும் என்று தெரியாது. மாமா யூபிஎஸ் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

நான் விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய்விட்டேன். தலை துவட்டும்போது போன் செய்தார். "தண்ணி நல்லா விழுதா?"

"விழுது மாமா. அங்க?"

"எம்பத்தொம்பது."

நகலின் மேல்தான் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினேன், மூலத்தைத் தொடவில்லை. ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு கோப்புகள் கடைசிவரை திறக்கவில்லை. யாருடைய கல்யாணங்களோ. மாமா பெயர்களைத் தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தார். பந்தி. தோளில் துண்டோடு ஒருவர் வாழை இலைக்கட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். கேமரா நெருங்குகிறது. அவர் நிமிர்ந்து, "என்னைய எதுக்குவே எடுக்கீரு? போயி மாப்பிள்ளய எடும்" என்கிறார். அதற்குள் எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்.

அந்தப் பெண் அதை நான்கு முறை ஓட்டச் சொன்னார். பிறகு பென் டிரைவை எடுத்து மாமாவிடம் நீட்டினார். மாமா எழுந்து, மேஜையை இழுத்து நகர்த்திவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் போனார். முன்பக்க போர்ட்டின் மேல் ஏற்கெனவே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.