வழக்கமான வேலைகள்

நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவத்தில் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. பல நாடுகளில் புழங்கும் இக்யூ-5டி அவற்றில் ஒன்று. நடமாட்டம், தன்னைப் பேணிக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என ஐந்தே தலைப்புகள். கால் ஆறாப்புண் பற்றி ஆய்வு செய்யும் செவிலியர் மாணவி ஒருத்தி, அதன் தமிழ் வடிவம் நம் பெண்களுக்குப் புரியுமா என்று கேட்டு வந்தாள். புரியும். ஆனால் ‘வழக்கமான வேலைகள்’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். யாருடைய வழக்கம்?

தாளை என் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். இடது கணுக்காலின் உட்பக்கம் அவருக்குப் புண். 11 வருடமாக மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் 20 வருடம் நின்றவர். ஆள் வராத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது. காலிலிருந்து இரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளில் வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும். தோல் கறுத்து இறுகும். சின்னக் கீறல்கூட ஆறாது. பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை என்று காரணங்கள் பல உண்டு. நெடுநேரம் நிற்பதும் அவற்றில் ஒன்று.

“வழக்கமான வேலை செய்யச் சிரமமா இருக்கா அத்தை?”

“எல்லாம் பாக்கேன்லா. சோறு வடிக்கேன், துணி துவைக்கேன். எந்த வேல நிக்கி?”

ஆக, சிரமம் இல்லை. அந்தக் கட்டத்தில் குறியிட்டால் அத்தை நன்றாக இருக்கிறார் என்றே கணக்கு சொல்லும். செய்ய வேறு ஆள் இல்லாத வேலை நிற்காது என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

தாளை மடித்து வைத்த பிறகுதான் பேசினார். கட்டு நனைந்து கசிவதால் சேலையை ஒரு விரல்கடை இறக்கிக் கட்டுவது. வாடைக்குப் பயந்து கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் மொய் எழுதிவிட்டுத் திரும்புவது. புண்ணுக்கென்றே உருவான கார்டிஃப் கேள்வித்தாள் கசிவையும் வாடையையும் கெட்டுப்போன தூக்கத்தையும் கேட்கிறது. அவை நடந்தனவா என்றும், எவ்வளவு வாட்டின என்றும் தனித்தனியாகக் கேட்கிறது. அது நல்ல தாள்தான்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இறுக்கக் கட்டுப் போட்டு, உட்காரும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்கிறார் மருத்துவர். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் பெண் கால் நீட்டினாலே பேச்சு வரும். அத்தை தலையணைமேல் காலை வைப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடுவார். இதைவிட மோசமான மருந்துத் தட்டுப்பாடு எனக்குத் தெரியாது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. கோழிக்கோட்டுப் பெண்கள் போராடிக் கேட்டது அது. தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. அதற்குள் அத்தை வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்கு அப்படியொரு சட்டம் எழுத முடியாதே!

அங்கீகரிக்கப்பட்ட தாளில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாதாம். எனவே மாணவி தனியாக ஒரு பக்கம் இணைத்திருக்கிறாள். அதில் இரண்டே கேள்விகள்: நேற்றுப் பகலில் எவ்வளவு நேரம் காலை உயர்த்தி வைத்திருந்தீர்கள்? யார் வந்ததும் இறக்கினீர்கள்?