வட்டியில்லாக் கல்வியும் உம்மா வீடும்



நாங்கள் இரட்டைச் சகோதரிகள். காயல்பட்டினத்தைப் பூர்விகமாகக் கொண்ட எங்கள் குடும்பம் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆயினும் நாங்கள் சமுதாயக் கல்லூரியில்தான் சேர்ந்தோம். இருவருக்கும் நான்காண்டுக் கட்டணத்தை வட்டிக் கடன் வாங்காமல் செலுத்த வாப்பாவால் இயலாது. வட்டியைத் தொடவோ அவர் சம்மதிக்கமாட்டார். சமுதாயக் கல்லூரியில் இம்மாநிலத்தவருக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான். 60 யூனிட்டுகளை முடித்துவிட்டால் பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டுக்கு மாறிவிடலாம். ஆக, ஒருவருக்கு 2,760 டாலர். புத்தகச் செலவு தனி.

கல்லூரியின் பெயரைச் சொன்னபோது பள்ளிவாசலில் சிலர் எங்களைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. அதைக்கூட வாப்பா பொறுத்துக்கொண்டார். சமூகவியலும் மானிடவியலும் படிக்கப் போகிறோம் என்றதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "இதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டார். எங்களிடம் அதற்கு நேரான விடை இருக்கவில்லை.

உயிரியல் மானிடவியல் வகுப்பு எங்களைச் சற்றே சோதித்தது. ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் பாடம் ஒன்று கட்டாயம் என்பதால் அதை எடுத்திருந்தோம். முதல் வாரமே மண்டையோட்டு வார்ப்புகளை மேசைமீது வரிசையாக வைத்து, எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 'லூசி'யைப் பற்றி ஆசிரியை விளக்கினார். ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இமாமிடம் சென்று கேட்டோம். "அவர்கள் சொல்வதைத் திரிக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்; தேர்வில் அத்துறை கூறுவதை எழுதுங்கள்; ஐயம் வந்தால் மறைக்காமல் என்னிடம் வாருங்கள்" என்றார். பலமுறை சென்றோம். எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று கூறமாட்டோம்.

பண்பாட்டு மானிடவியல் வகுப்புதான் எங்களை வீட்டிற்கே திருப்பி அனுப்பியது. திருமணத்துக்குப் பின் கணவன் மனைவியின் வீட்டில் வாழும் முறைக்கு ஆங்கிலத்தில் 'மேட்ரிலோக்கல்' என்று பெயர். அரிசோனாவின் ஹோப்பி மக்களையும், சுமத்ராவின் மினாங்கபாவ் முஸ்லிம்களையும் ஆசிரியர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் விவரித்தது எங்கள் உம்மாவின் ஊர்வழக்கமல்லவா! காயலில் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். ஏதோ தொலைதூரத் தீவின் வினோதம்போல் புத்தகத்தில் இருந்தது, எங்களுக்குச் சாப்பாட்டறைப் பேச்சு.

நான்கு தலைமுறை உறவுப்படம் வரைந்து தருமாறு பணித்தார்கள். அதில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. ஊரிலுள்ள உம்மாவின் உம்மாவிடம் இரண்டு இரவுகள் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதினோம். யார் எந்த வீட்டில் வாழ்ந்தார் என்பதையும் குறித்தபோது, வட்டங்கள் எல்லாம் ஒரே வீட்டில் நிற்க, முக்கோணங்கள் மட்டும் இடம்பெயர்ந்திருந்தன.

வேலை முடிந்து வந்த வாப்பா, அப்படத்தில் தம்மைக் குறித்த முக்கோணத்தின்மேல் விரலை வைத்தார். "எங்க உம்மா வூடு ரெண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் கல்யாணமான புதுசுல தூக்கமே வரல" என்றார். எங்கள் வாழ்நாளில் அவர் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதன்பின் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கவலை தீர்ந்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

இவ்வழியில் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், தகுதியுள்ள சமுதாயக் கல்லூரி மாணவருக்கு உறுதியான இடம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் சான் டியேகோவும் அதில் சேரா. ஒரு வளாகத்துக்கே அவ்வாறு கோர முடியும். அதற்கான விண்ணப்பம் செப்டம்பரில். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முதல் பருவத்திலேயே பார்த்துவிடுங்கள். நாங்கள் தாமதமாகப் பார்த்ததால், புள்ளியியல் பாடத்துக்காக ஒரு கோடை விடுமுறையை இழந்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் டேவிஸ் வளாகத்தில் இடம் கிடைத்தது. அரசின் உதவித்தொகையும் வாப்பாவின் சேமிப்பும் போதுமானவையாக இருந்தன, வட்டிக்கு இடமில்லை. ஆனால் இந்தச் செய்தியை ஊருக்குச் சொன்னபோது உம்மாவின் உம்மா திகைத்துப்போனார். "மாப்புள்ளதானே வூடு மாறுவாரு? பொம்புளப் புள்ளைங்க எதுக்கு உம்மா வூட்ட விட்டுப் போவணும்?"

உம்மா பதில் கூறாமல் தொலைபேசியை எங்களிடம் நீட்டினார். டேவிஸிலிருந்து ஃப்ரீமான்டுக்கு நேரடி ரயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைதோறும் வந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ், என்று மட்டும் சொன்னோம்.